ஸ்கார்ஃபேஸ்: விமர்சகர்கள் முகம் சுளித்த படத்தை மண்டபம் கரையிலிருந்து பார்த்தால்

கொண்டல்காத்து (மண்டபம்)

மாஃபியா படங்களைப் பற்றி இங்கே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறோம். கியூபாவிலிருந்து அகதியாக அமெரிக்கா வந்து போதைக் கடத்தல் தலைவனாகிற டோனி மொன்டானாவாக ஆல் பசீனோ நடித்த 'ஸ்கார்ஃபேஸ்' பற்றி ஒரு இழைகூட இல்லை. நானே தொடங்கிவிடுகிறேன். கதை முழுக்கச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

1983 டிசம்பரில் படம் வந்தபோது அமெரிக்க விமர்சகர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. ரத்தம் அதிகம், கெட்ட வார்த்தை அதிகம், 170 நிமிட நீளம், ஆல் பசீனோ தொண்டை கிழியக் கத்துகிறார் என்றார்கள். இயக்குநர் பிரையன் டி பால்மாவின் பெயர் மோசமான இயக்குநருக்கான ராஸி கேலி விருதுப் பட்டியலில் வந்தது. ஆஸ்கரில் ஒரு பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. ரோஜர் ஈபர்ட் மாதிரி சிலர்தான் தூக்கிப் பிடித்தார்கள். அப்புறம் வீடியோ கேசட்டில் ஓடி, ராப் பாடகர்கள் கொண்டாடி, 2008-ல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் பத்துச் சிறந்த கேங்ஸ்டர் படங்களில் ஒன்றாகச் சேர்க்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அந்தக் கதை இணையத்தில் நிறையக் கிடக்கிறது, விடுங்கள்.

நான் பேச வந்தது முதல் முக்கால் மணி நேரத்தைப் பற்றி. டோனிக்கு மாளிகை வருவதற்கு முந்தைய பகுதி.

1980 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை கியூபாவின் மாரியெல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் படகேறி புளோரிடாவுக்கு வந்தார்கள். போக நினைப்பவர்கள் போகலாம் என்று திறந்துவிட்ட காஸ்ட்ரோ, சந்தடி சாக்கில் சிறையில் கிடந்தவர்கள் சிலரையும் ஏற்றி அனுப்பினார். அந்த உண்மையான படச்சுருள்களோடுதான் படம் தொடங்குகிறது. அடுத்து விசாரணை அறை. டோனி மொன்டானா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கேமரா அவனையே சுற்றிச் சுற்றி வருகிறது. கேட்கிற அதிகாரிகளின் முகம் நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. சட்டை தெரிகிறது, கை தெரிகிறது, குரல் கேட்கிறது. ஜெயிலில் இருந்தாயா, கையில் என்ன பச்சை, ஆங்கிலம் எங்கே கற்றாய்? அவன் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறான். முக்கால்வாசி பொய். அவர்களுக்கும் அது தெரியும், அவர்களுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

அங்கிருந்து நேராக மேம்பாலத்துக்கு அடியில் கூடாரமும் கம்பி வேலியுமாக ஒரு முகாம். பகல் முழுக்க வேலை கிடையாது, எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த முகாமில் கிரீன் கார்டுக்கு ஒரு விலை வருகிறது: உள்ளே இருக்கிற இன்னொருவனைக் கொல்ல வேண்டும். டோனி கொல்கிறான். கார்டு வருகிறது.

இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நம் கரையில் வந்து இறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்குத்தான் போனார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கக் கட்டிய இடம் அது. அதே வருடம் டிசம்பரில் உலகத்தின் இன்னொரு பக்கம் இந்தப் படம் வருகிறது. யாரும் யாரையும் பார்த்து எடுத்ததில்லை. ஆனால் நியூயார்க்கில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு முன்னுரை மாதிரி தெரிந்த பகுதி, முகாமைச் சுற்றியே வளர்ந்த எனக்குப் படத்தின் அடிவயிறாகத் தெரிகிறது. பின்னால் வருகிற ஆட்டமெல்லாம் அந்த முகாமில் அவன் கற்றுக்கொண்ட கணக்குதான். ஒரு காகிதத்துக்கு ஓர் உயிர் விலை என்று முதலில் சொல்லிக் கொடுத்தது யார்?

ஏர்வாடி_பாஸ்

அண்ணே, முதல் முக்கால் மணி நேரம் சரி. மிச்சம் இரண்டு மணி நேரத்தை என்ன செய்வது? விமர்சகர்கள் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. பசீனோ நடிக்கவில்லை, மேடையில் கூத்துக் கட்டுகிறார். கடைசியில் மேசையில் மலை மாதிரி கொகெய்ன் பொடியைக் கொட்டி முகத்தைப் புதைத்துக்கொண்டு... எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஆள் அவ்வளவு குண்டு வாங்கியும் நிற்பானா? நம் ஊர் மாஸ் ஹீரோ அப்படி நின்றால் கிழித்துத் தொங்கவிடுவோம். ஹாலிவுட் என்றால் மட்டும் காவியமா?

கீழக்கரை_காக்கா

தம்பி ஏர்வாடி, நான் இந்தப் படத்தை எண்பதுகளின் நடுவில் துபாயில் பார்த்தவன். எட்டுப் பேர் தங்குகிற அறை, வெள்ளிக்கிழமை, வாடகைக்கு எடுத்த வீடியோ டெக். பிரிண்ட் எங்கள் கண்ணைப் பிடுங்கியது, யாருக்கும் ஆங்கிலம் பாதிகூடப் புரியாது. அறையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தது துப்பாக்கிச் சண்டைக்கு இல்லை. டோனி பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு.

சின்ன சாண்ட்விச் கடை. இவனும் கூடவே படகேறி வந்த கூட்டாளி மேனியும் அழுக்கு ஏப்ரனோடு நிற்கிறார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய கார்களில் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். கையில் சோப்பு நுரையோடு பார்த்துக்கொண்டே இருக்கிறான். எங்கள் அறையில் பாதிப் பேர் ஹோட்டலில் தட்டுக் கழுவியவர்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. படம் முடிந்ததும் ஒரு பெரியவர், இவன் ஹராமில் போய்விட்டான், ஆனால் இவன் பார்த்த பார்வை பொய்யில்லை என்றார். எனக்குத் தெரிந்த நல்ல விமர்சனம் அதுதான்.

நடிப்பு கூத்து மாதிரி என்கிறாய். அவன் வேடம் கட்டித்தான் திரிகிறான் தம்பி. அமெரிக்கப் படங்கள் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டதாக அதிகாரியிடம் அவனே சொல்கிறானே. சினிமா பார்த்து வளர்ந்த ஒருத்தன் பணக்காரன் மாதிரி நடித்தால் எப்படி இருக்கும்? தங்கம் மின்னுகிற குளியலறை, தோட்டத்தில் புலி, அந்த கோட் சூட். ஊரில் புதுப் பணம் வந்தவன் வீட்டைப் பார்த்ததில்லையா நீ?

காஞ்ச_கணவாய் (தங்கச்சிமடம்)

காக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்தப் படத்தை எழுதிய ஆலிவர் ஸ்டோனுக்குக் கூலிக் கணக்கு தெரிந்திருக்கிறது.

கார்டு கிடைத்ததும் ஓமர் என்கிறவன் வந்து இரவில் கஞ்சாப் படகு இறக்க ஆள் வேண்டும், ஆளுக்கு ஐந்நூறு டாலர் என்கிறான். படகு இறக்க ஆயிரம் நடக்கிறது, ஐந்நூறுக்கு யார் வருவான் என்று டோனி பொரிகிறான். வாக்குவாதம் முற்றி, சரி, அப்படியென்றால் கொலம்பியாக்காரர்களிடம் சரக்கு வாங்கி வா, ஐயாயிரம் தருகிறேன் என்று வேறு வேலை வருகிறது. மரம் அறுக்கிற வாள் வருகிற குளியலறைக் காட்சி அந்த வேலைதான்.

நம் பக்கம் அச்சு அசல் இதே பேச்சுதான் நடக்கும். பாக் நீரிணையில் ஆழம் கிடையாது, படகைக் கரைக்குக் கொண்டுவர முடியாது. இடுப்புத் தண்ணீரில் நின்று தலைச்சுமையாக மூட்டையை மாற்ற வேண்டும். மஞ்சளோ பீடி இலையோ கடல் அட்டையோ, தூக்குகிறவனுக்கு ஓர் இராத்திரிக் கூலி. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் ரேட் மாறும், கேட்காவிட்டால் ஒரு ரேட். மாட்டினால் பேப்பரில் படம் வருவது தூக்கியவனுக்கு. சரக்குக்குச் சொந்தக்காரப் பார்ட்டி யார் என்று அவனுக்கே தெரியாது.

கடலடியில் ஊர்கிற அந்த அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கும் அட்டைக்கும் ஒரே அட்டவணை. அதுவரை எங்கள் தாத்தா பகலில் எல்லார் கண் முன்னாலும் அவித்துக் காயப்போட்ட சாமான். அந்தப் பக்கம் இலங்கையில் லைசென்ஸ் எடுத்தால் பிடிக்கலாம், விற்கலாம். நடுவில் இருப்பது ஒரு இராத்திரிப் பயணம். இந்த வித்தியாசத்தில்தான் சரக்கு ஓடுகிறது. தங்கம் எதிர்த் திசையில் வருகிறது. 2023-ல் மண்டபம் பக்கம் துரத்தினபோது கடலில் வீசிய தங்கத்தை முக்குளிப்பவர்களை இறக்கி எடுத்தார்களே, ஞாபகம் இருக்கும்.

படத்தில் சண்டையைவிட எனக்குப் பிடித்தது பேங்க் காட்சி. மூட்டை மூட்டையாக நோட்டைச் சுமந்து வாசல் வழியாகவே கொண்டு போகிறார்கள். கொஞ்ச நாள் கழித்து மேனேஜர் கமிஷனை ஏற்றுகிறார். சூட் போட்ட மனிதர், குரலே உயரவில்லை, டோனியைவிட நிதானமாகக் கொள்ளை அடிக்கிறார். கடைசியில் டோனியை மாட்டவைப்பதும் கொலை வழக்கு இல்லை. பணம் எண்ணுகிற இடத்தில் போலீஸ்காரன் மறைத்து வைத்த கேமராவும் வரி ஏய்ப்பும்தான்.

பனங்கிழங்கு (ராமேஸ்வரம்)

எல்லாரும் படகு, கூலி, பேங்க் என்று ஆண்களின் கணக்கையே பேசுகிறீர்கள். இந்தப் படத்தில் பெண்களை எழுதிய லட்சணம் எனக்கு ஒத்துவரவில்லை. டோனியின் மனைவி எல்விராவாக வருகிற மிஷெல் ஃபைஃபர் அசத்துகிறார். ஆனால் அவருக்கு என்ன கொடுத்தார்கள்? சலித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிற வேலை. ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குக் கார் மாதிரி கைமாறுகிறார். பெரிய ஹோட்டலில் எல்லார் முன்னாலும் டோனி அவரை அவமானப்படுத்துகிற இடத்தில் தட்டிக் கேட்டுவிட்டு எழுந்து போகிறாரே, அந்த ஒரு நிமிடம்தான் அவர் ஆள். அதோடு படத்திலிருந்தே போய்விடுகிறார்.

தங்கை ஜீனா விஷயம் அதைவிட மோசம். அவள் யாரோடு ஆடினாலும் இவனுக்கு வெறி பிடிக்கிறது. இதே பெயரில் 1932-ல் வந்த மூலப் படத்திலேயே இந்த அண்ணன் தங்கைக் கோணல் உண்டு என்று படித்தேன். இருக்கட்டும், எனக்கு ஒட்டவில்லை.

ஒரே ஓர் ஆள் பிடிக்கும். அம்மா. சின்ன வீடு, தையல் ஆலை வேலை. ஐந்து வருடம் காணாமல் போன மகன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஆயிரம் டாலர் நீட்டுகிறான். வாங்க மாட்டேன் என்கிறார். உன்னை மாதிரி ஆட்களால்தான் நம் சனத்துக்கே கெட்ட பெயர் என்று முகத்துக்கு நேரே சொல்லி வெளியே அனுப்புகிறார். மிரியம் கோலோன் என்கிற நடிகை. இரண்டு மூன்று காட்சிதான் வருகிறார், பசீனோ அவர் முன்னால் சின்னப் பையனாகிவிடுகிறார்.

நாலாம்திட்டு

இந்த மன்றத்தில் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. அக்கா அம்மாவைப் பற்றி எழுதியதால் எழுதுகிறேன்.

நான் முகாமில் பிறந்தவன். அம்மாவும் அப்பாவும் 1990-ல் வந்தவர்கள். கொண்டல் அண்ணே, நீங்கள் முகாமைச் சுற்றி வளர்ந்ததாகச் சொல்கிறீர்கள். வேலிக்கு உள்ளேயிருந்து பார்க்கும்போது இந்தப் படம் வேறு மாதிரி இருக்கிறது.

படத்தின் தொடக்கத்தில் எழுத்து ஓடுகிறது. 1,25,000 பேர் வந்தார்கள், அதில் 25,000 பேருக்குக் குற்றப் பின்னணி என்று. கியூபாவில் அந்தக் காலத்தில் சும்மா வேலையில்லாமல் திரிந்ததற்கும், கறுப்புச் சந்தையில் சாமான் வாங்கியதற்கும் கூட உள்ளே போட்டிருக்கிறார்கள். அமெரிக்கா கொடுங்குற்றவாளி என்று கணக்கில் எடுத்தது அந்தக் கூட்டத்தில் ரொம்பச் சிறிய பங்கு. ஆனால் படம் பார்த்த உலகத்துக்கு மாரியெல் படகு என்றால் டோனி மொன்டானாதான். மயாமியில் இருந்த கியூபர்கள் படப்பிடிப்பு தொடங்கும்போதே எதிர்த்தார்கள். அதனால்தான் பெரும்பகுதியை லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் போய் எடுத்தார்கள். கடைசியில் இது எல்லாக் கியூபரையும் குறிப்பதில்லை என்று ஓர் அறிவிப்பு போடுகிறார்கள். மூன்று மணி நேரம் காட்டிவிட்டு எழுந்து போகிற நேரத்தில் போடுகிற எழுத்தை யார் படிப்பார்கள்?

2012 ஜூலையில் 'பில்லா 2' வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இலங்கையிலிருந்து அகதியாக வருகிறவன் கடத்தல் தலைவனாகிற கதை, அஜித் படம். முகாமில் எங்கள் செட்டுக்குத் தலைகால் புரியவில்லை. எங்களை ஒருத்தன் ஹீரோவாக வைத்து எடுத்திருக்கிறான்! வகுப்பில் என்னைப் பில்லா என்று கூப்பிட்டார்கள், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒரு நாள் வகுப்பில் ஒரு கால்குலேட்டர் காணாமல் போனது. முதலில் திறந்து பார்த்தது என் பையை. அது கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் பில்லா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். 'ஸ்கார்ஃபேஸ்' எனக்குப் பிடிக்கும். அந்த விசாரணை அறைக்காக. எங்கள் அப்பா அந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்பார்கள். பதில் மாறினால் சந்தேகம். ஒரே மாதிரி சொன்னால், மனப்பாடம் பண்ணி வந்தாயா என்று அதற்கும் சந்தேகம். கேமரா சுற்றுகிற சுற்றில் அந்த எரிச்சல் இருக்கிறது. வேறு எந்தப் படத்திலும் நான் அதைப் பார்க்கவில்லை.

கொண்டல்காத்து

தம்பி, நீ எழுதியதற்குப் பிறகு நான் முதலில் எழுதியதைக் கொஞ்சம் நீட்ட வேண்டும்.

அம்மாவின் அந்த வசனத்தைப் பார். மயாமிக் கியூபர்கள் வெளியே நின்று சொன்ன குற்றச்சாட்டைப் படமே எடுத்து அம்மா வாயில் வைத்திருக்கிறது. அதனால் படம் தப்பித்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஒரு ஊரின் கோபம் உள்ளே வந்து ஒரு காட்சியாவது உட்கார்ந்திருக்கிறது என்கிறேன். 'பில்லா 2'-ல் எனக்குக் குறைபட்டது அதுதான். முகாமில் நாள் எப்படிப் போகிறது என்று காட்டப் பொறுமை இல்லை. கதாநாயகன் வந்து இறங்கும்போதே கதாநாயகனாகத்தான் இறங்குகிறான். டோனி இறங்கும்போது ஒன்றுமே இல்லை. பாத்திரம் கழுவுகிறான்.

இன்னொன்று. படத்தின் முக்கியமான ஆட்களில் உண்மையான கியூபர் மேனியாக நடித்த ஸ்டீவன் பாவர். ஹவானாவில் பிறந்தவர். பசீனோ நியூயார்க் இத்தாலியர், அவருடைய உச்சரிப்பைப் பற்றி இன்றுவரை கேலி ஓடுகிறது. மேனி பக்கத்தில் நிற்கும்போது டோனியின் வேடம் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். எனக்கு அது குறையாகப் படவில்லை, காக்கா சொன்ன காரணத்துக்காகவே.

ஏர்வாடி_பாஸ்

எல்லாரும் சேர்ந்து என்னை மடக்குகிறீர்கள் சரி. ஆனால் நாலாம்திட்டு சொன்னதை வைத்தே கேட்கிறேன். இந்தப் படத்தைப் பார்த்து டோனியை வெறுத்தவன் எத்தனை பேர், டோனி படத்தை டி-ஷர்ட்டில் போட்டவன் எத்தனை பேர்? நம்ம ராம்நாட்டிலேயே ஆட்டோ பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கைக் கதை என்று நீங்கள் சொல்கிறீர்கள். பார்க்கிறவன் எடுத்துக்கொள்வது மாளிகையை, காரை, துப்பாக்கியை. அன்றைக்கு எழுதிய விமர்சகர்களுக்கு அந்தப் பயம் இருந்திருந்தால் அது தப்பா?

காஞ்ச_கணவாய்

தப்பில்லை பாஸ். ஆனால் டி-ஷர்ட் போட்டவன் கடைசி அரை மணி நேரத்தைப் பார்க்கிறதில்லை என்று நினைக்கிறேன். நியூயார்க்கில் காரில் குண்டு வைத்துவிட்டுப் பின்னாலேயே போகிறார்களே. அவர்கள் கொல்லக் குறி வைத்த பத்திரிகையாளரோடு மனைவியும் பிள்ளைகளும் ஏறிவிடுகிறார்கள். பொத்தானை அழுத்த விடாமல் டோனி கூட வந்தவனையே சுட்டுவிடுகிறான். அந்த வேலையைக் கொடுத்தவன் அதற்காக ஆள் அனுப்புகிறான், டோனி சாவது அதனால்தான். அவன் செய்த பாவத்துக்கெல்லாம் தண்டனை வரவில்லை, செய்யாமல் விட்ட ஒன்றுக்கு வருகிறது. இதில் எச்சரிக்கை எங்கே இருக்கிறது? எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அதனாலேயே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அவ்வளவு குண்டு வாங்கியும் நிற்பானா என்று கேட்டாய். முன்னால் வந்த அத்தனை பேரும் சுட்டு விழவில்லை. பின்பக்கமாகச் சத்தமில்லாமல் வந்த ஒருத்தன் சுட்டதில்தான் விழுகிறான்.

பனங்கிழங்கு

கணவாய் அண்ணே, பிள்ளைகளுக்காகப் பொத்தானைத் தடுத்தவன் ஊருக்குத் திரும்பி வந்து என்ன செய்கிறான்? தங்கையைக் கல்யாணம் செய்த ஒரே குற்றத்துக்கு மேனியை வாசலிலேயே சுடுகிறான். கூடவே படகேறி வந்தவனை. நல்லவன் பக்கம் ஒரு அடி வைத்தான் என்று நாம் மூச்சு விடுவதற்குள் படம் இதைச் செய்கிறது. இந்த இடத்துக்கு மட்டும் டி பால்மாவுக்கு மதிப்பெண் போடுகிறேன். ஜீனாவை எழுதியதற்கு இன்னும் இல்லை.

உச்சிப்புளி_மாப்ள

எல்லாக் கதையையும் சொல்லிவிட்டீர்களே! நான் இன்னும் பார்க்கவே இல்லை. மூன்று மணி நேரம் என்கிறீர்கள், காலையில் நாலு மணிக்குக் கடலுக்குப் போகிற ஆள் நான். வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது போடலாமா?

கீழக்கரை_காக்கா

பிள்ளைகள் இருக்கும்போது வேண்டவே வேண்டாம் மாப்ளே. அந்தக் குளியலறைக் காட்சியில் வாள் பட்டதைக் காட்டவே மாட்டார்கள், கேமரா ஜன்னல் வழியாக வெளியே போய் வெயிலில் நிற்கிற காரைப் பார்த்துவிட்டுத் திரும்பும். ஆனாலும் அந்தச் சத்தம் போதும்.

காற்று எழும்பிக் கடலுக்குப் போகாத நாளில் ஹெட்போன் மாட்டிப் பார். முகாமிலிருந்து கார்டோடு வெளியே வந்து பாத்திரம் கழுவுகிறானே, அதுவரை பார்த்துவிட்டு இங்கே வந்து எழுது. மிச்சத்துக்கு ஏர்வாடியும் நீயும் சண்டை போட்டுக்கொள்ளலாம்.